அம்மாவின் குதிகாலில் இருந்த கரும்புள்ளி: ஊரடங்கில் தள்ளிப்போனதால்தான் முற்றியதா?

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அப்போது 58 வயது, முந்திரி உடைக்கும் வேலை. 2020 பொங்கலை ஒட்டி வலது குதிகாலில் மிளகு அளவில் கருப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தீர்கள். மார்ச் கடைசியில் புதுச்சேரிக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருந்தபோது ஊரடங்கு வந்துவிட்டது. மருந்துக்கடையில் கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியை மாற்றி மாற்றி ஒட்டினீர்கள். 2021 மே மாதம் வீட்டில் எல்லோருக்கும் கொரோனா. 2022 தையில் புண் உடைந்து ரத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். சதைப் பரிசோதனையில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று வந்தது, தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மேல், தொடை இடுக்கில் ஒரு நெறியிலும் பரவியிருந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது செக்கப்புக்குப் போய்வருகிறார். கொரோனா காலம் தோல் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதையும் சிகிச்சையையும் எப்படிப் பாதித்தது என்று பொதுவாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இருப்பதுதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன்: அன்றைக்கே எப்படியாவது கூட்டிப் போயிருந்தால் அம்மாவுக்கு இவ்வளவு தூரம் வந்திருக்குமா? இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் இல்லையா, கொரோனாவாலோ தடுப்பூசியாலோ வந்திருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

நான் தோல் மருத்துவர். கடலூரிலும் புதுச்சேரியிலுமாக இருபது வருடங்களுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்துவருகிறேன். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற நிபுணர் இல்லை. சந்தேகப்பட்டு, சதை எடுத்து அனுப்பி, உறுதியானதும் அந்த நிபுணர்களிடம் ஒப்படைப்பது என் வேலை. உங்கள் அம்மாவின் காலையும் ரிப்போர்ட்டையும் நான் பார்த்ததில்லை. அதனால் சிகிச்சை பற்றி நான் சொல்வதும் அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்வதும் வேறுபட்டால் அவர் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளைக்காரர்கள் நோய் என்ற பேச்சு. இந்தியாவில் தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மைதான். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி வெயிலிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் மெலனோமாவில் ஒரு வகை வெயிலைப் பார்த்து வருவதில்லை. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, வாய்க்குள் என்று வெயில் படாத இடத்தில் வரும். நம் மக்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் பார்க்கிறோம், அதிலும் காலில்தான் அதிகம். பாடகர் பாப் மார்லிக்கு வந்தது இதுதான். 1977-இல் கால் கட்டைவிரலில் கண்டுபிடித்தார்கள், 1981-இல் 36 வயதில் இறந்துபோனார். கருப்பாக இருப்பவர்களுக்கு இது வராது என்ற நம்பிக்கை உலகம் முழுவதும் நோயாளிகளைத் தாமதப்படுத்துகிறது, டாக்டர்களையும் தாமதப்படுத்துகிறது. நம் ஊரில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன. உள்ளங்காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவான், வெளிநாடு போவான் என்று சந்தோஷப்படுவோம். மச்சத்தில் கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயப்படுவோம். முந்திரி வேலை செய்பவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுப் பட்டு விரலெல்லாம் கருத்துக் கிடப்பதால் காலில் ஒரு கருப்பு இருந்தால் அதுவும் கறை என்றே தோன்றும். அந்த எண்ணெய் தோலைச் சுடும், புண்ணாக்கும். அதனால் மெலனோமா வரும் என்று சொல்ல எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. அம்மாவின் தொழிலால் வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி 2020-க்கு வருகிறேன். மார்ச் 22 ஒருநாள் ஊரடங்கு, 24 மாலையில் பஸ் நின்றது, 25-லிருந்து நாடு முழுக்கப் பூட்டு. நம் பகுதிக்கு இது மற்ற ஊர்களைவிட வேறு மாதிரி வலித்தது. கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் பெரிய நோய் என்றால் கோரிமேடு ஜிப்மருக்குப் போவது தலைமுறைப் பழக்கம். பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து மக்கள் சந்தைக்கும் சில்லறை வைத்தியத்துக்கும் கடலூர் வருவார்கள். அந்தப் போக்குவரத்து முழுவதும் முள்ளோடையிலும் ஆல்பேட்டையிலும் தடுப்புக் கட்டையில் வந்து நின்றது. நெஞ்சுவலி, பிரசவம் என்றால் விட்டார்கள். காலில் ஒரு கருப்புப் புள்ளி இருக்கிறது என்று சொல்லி எந்த போலீஸ்காரரிடம் பாஸ் கேட்பது? மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென்று ஏறியது. உங்கள் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்குத் தெரு தகரம் அடித்தார்கள். ஜூனில் கொஞ்சம் பஸ் ஓடி, ஜூலையில் மறுபடி நின்று, செப்டம்பரில்தான் மாவட்டம் விட்டு மாவட்டம் போக முடிந்தது. இரண்டு மாநிலத்துக்கும் இடையில் அதற்கும் பிறகு. இவ்வளவையும் எழுதக் காரணம், நான் கூட்டிப் போகாமல் விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதியிருப்பது. முதல் ஆறு மாதம் நீங்கள் விடவில்லை, வழி இல்லை.

ஆஸ்பத்திரிகளின் பக்கமும் சொல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகள் புறநோயாளிப் பிரிவைச் சுருக்கியபோது அவசரமில்லாதது என்ற பட்டியலில் முதலில் போனது தோல் பிரிவு. அரிப்பும் படையும் முகப்பருவும் காத்திருக்கலாம்தான். அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருந்த புற்றுநோயும் சேர்ந்து காத்திருந்தது. இது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. நெதர்லாந்தின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2020 வசந்தகாலத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் சரிந்தன. மற்ற உறுப்புகளைவிடத் தோலில்தான் சரிவு அதிகம். நோய் குறையவில்லை, பார்ப்பது குறைந்தது. இந்தியாவில் தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்கள் 2020 மார்ச் முதல் மே வரையிலான கணக்கை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டு வெளியிட்டன. புதிய நோயாளிகளின் பதிவு 54 சதவீதம் குறைந்திருந்தது. பெரிய ஆபரேஷன்கள் 49 சதவீதம், மறுபரிசோதனைக்கு வருவது 46 சதவீதம், நோய்க்குறியியல் பரிசோதனைகள் 38 சதவீதம் குறைந்திருந்தன. இது எல்லாப் புற்றுநோய்க்கும் சேர்ந்த கணக்கு, தோலுக்கு மட்டும் பிரித்தது இல்லை. ஆனால் மார்பகக் கட்டிக்கும் வாய்ப்புற்றுக்குமே பாதிப் பேர் வரவில்லை என்றால் வலியே இல்லாத ஒரு புள்ளிக்கு யார் வந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தாமதம் நோயை முற்றவைத்ததா என்பது அடுத்த கேள்வி. ரோம் நகரத்தில் தோலுக்கென்றே இருக்கும் ஒரு மருத்துவமனையில், ஊரடங்குக்கு முன்பு கண்டுபிடித்த மெலனோமாக்களின் சராசரித் தடிமன் 0.88 மில்லிமீட்டர். ஊரடங்கு தளர்ந்த பிறகு வந்தவற்றில் 1.96. இரண்டு மடங்குக்கும் மேல். இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் கொஞ்சம் நிதானமாகவே எடுத்துக்கொள்கிறேன். அது ஒரே மருத்துவமனை, சில வாரக் கணக்கு. கதவு திறந்ததும் முதலில் ஓடிவருபவர்கள் யார்? புள்ளி பெரிதாகிப் பயந்தவர்கள். மெல்லிய புள்ளிக்காரர்கள் இன்னும் வீட்டிலேயே இருந்திருப்பார்கள். அதனால் சராசரி தானாகவே ஏறியிருக்கும். எல்லோருக்கும் இரண்டு மாதத்தில் நோய் இரட்டிப்பானது என்று அதற்குப் பொருள் இல்லை. திசை உண்மை, அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் என் அனுபவத்தில் கற்றது ஒன்றைச் சொல்ல வேண்டும், எண்களைவிட அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. தோல் புற்றுநோய், நோயாளி சொல்லிக் கண்டுபிடிப்பதைவிட வேறு எதற்கோ வந்த இடத்தில் கூடவே கண்டுபிடிக்கப்படும் நோய். படைக்கு மருந்து வாங்க வருவார், செருப்பைக் கழற்றும்போது காலைப் பார்ப்போம். சர்க்கரை நோயாளிக்குக் கால் பரிசோதனை செய்யும் நர்ஸ் பார்த்துச் சொல்வார். நாவிதர் உச்சந்தலையில் ஒரு புண்ணைப் பார்த்துச் சொல்வார். கொரோனா எடுத்துக்கொண்டுபோனது இந்தக் கூடவேயைத்தான். போனில் கேட்பவர் தனக்குத் தொந்தரவு தருவதை மட்டும் சொல்கிறார், அதை மட்டும் படம் எடுத்து அனுப்புகிறார். தொந்தரவு தராத புள்ளியை யாரும் படம் எடுப்பதில்லை. அதோடு எல்லோர் முகத்திலும் மாஸ்க். மூக்கின் ஓரம், கன்னம், உதடு ஆகிய மூன்றும் முகத்தில் தோல் புற்று அதிகம் வரும் இடங்கள்; இரண்டு வருடம் அவை மூடியே இருந்தன. மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல நோயாளிக்கும் பயம், எங்களுக்கும் பயம்.

தொலைமருத்துவம் உதவவே இல்லை என்று சொல்லமாட்டேன். ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25-இல்தான் இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான விதிமுறை வந்தது. ஏப்ரலில் அரசின் இ-சஞ்சீவனி புறநோயாளிச் சேவை தொடங்கியது, தமிழ்நாட்டில் ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். முடி உதிர்வு, படை, சோரியாசிஸ் மாத்திரையைத் தொடர்வது போன்றவற்றுக்கு அது பெரிய ஆறுதல். கருப்புப் புள்ளிக்கு அது போதாது. 2020 ஜூனில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் பாதத்தின் படம் அனுப்பினார். மாலை வெளிச்சத்தில், ஒரு கையால் காலைத் தூக்கிப்பிடித்து மறுகையால் எடுத்த படம். தடித்த தோல், நடுவில் மங்கலாக ஒரு நிழல். கால் ஆணி மாதிரித் தெரிகிறது, ஒரு மாதம் மருந்து போட்டுப் பார்க்கலாம் என்று எழுதினேன். அவர் நேரில் வர ஏழு மாதம் ஆனது. அது மெலனோமா. அந்தப் பதிலை எழுதியது நான்தான். எல்லையையோ ஊரடங்கையோ அதற்குக் காரணம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. படித்து, இதையே தொழிலாக வைத்திருக்கும் என் கண்ணுக்கே கால் ஆணியாகத் தெரிந்தது. மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிய உங்களை யார் குறை சொல்ல முடியும்?

அதே வருடம் நவம்பரில் இன்னொருவர் வந்தார். தாழங்குடா மீனவர், ஐம்பதை நெருங்கும் வயது, இடுப்பில் படை. ஜூன் படத்தின் விஷயம் எனக்கு அப்போது தெரியாது. முதுகுவரை படை பரவியிருக்கிறதா என்று பார்க்க அவரைக் குப்புறப் படுக்கச் சொன்னேன். அப்போதுதான் இரண்டு பாதமும் என்னைப் பார்த்துத் திரும்பின. இடது பாதத்தின் முன்பகுதியில் வேப்பங்கொட்டை அளவுக்கு ஒரு கருப்பு, ஒரு ஓரம் பழுப்பாகக் கரைந்து, மறு ஓரம் மை கொட்டியதுபோல அடர்ந்து இருந்தது. தொட்டால் வழவழப்பு, வலி இல்லை. எவ்வளவு நாளாக என்றால், வலை இழுக்கும்போது ஏதோ குத்தியது சார் என்றார். டெர்மோஸ்கோப் என்று ஒரு கருவி இருக்கிறது, விளக்கு வைத்த பூதக்கண்ணாடி. தொற்றுக்குப் பயந்து அதன் கண்ணாடியில் சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்திருந்தேன். கைரேகை போலவே காலிலும் ரேகை உண்டு, மேடும் பள்ளமுமாக. சாதாரண மச்சத்தில் கருமை பெரும்பாலும் பள்ளத்தில் கோடு கோடாக இருக்கும். மெலனோமாவில் மேட்டின்மேல் பட்டையாக ஓடும். அவருக்கு மேட்டில் ஓடியது. அன்றே மரத்துப்போக ஊசி போட்டுச் சதை எடுத்தேன். அந்தச் சின்ன பார்மலின் புட்டி பரிசோதனைக் கூடம் போய்ச் சேருவதுகூட அப்போது பாடு. முன்பெல்லாம் காலை பஸ்ஸில் கொடுத்தால் மதியம் போய்விடும். அந்த மாதம் தெரிந்த பால்வண்டிக்காரரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பினேன். தடிமன் 1.3 மில்லிமீட்டர் என்று வந்தது, நெறியில் இல்லை. சுற்றுத் தோலோடு அகலமாக வெட்டி எடுத்துத் தொடைத் தோலை ஒட்டினார்கள். இன்றும் கடலுக்குப் போகிறார். அவர் பிழைத்தது இடுப்புப் படையால்.

தடிமனைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெலனோமாவில் அகலத்தைவிட ஆழம்தான் தலையெழுத்தைச் சொல்கிறது என்று 1970-இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் காட்டினார். இன்றும் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் அவர் பெயரில்தான் அந்த அளவு எழுதப்பட்டிருக்கும். நெறியில் பரவாமல், 0.8 மில்லிமீட்டருக்குள், புண் உடையாமல் இருக்கும்போது பிடித்தால் பத்து ஆண்டு கழித்தும் நூற்றில் 98 பேர் இந்த நோய்க்குப் பலியாகாமல் இருக்கிறார்கள். நெறியில் இல்லாவிட்டாலும் 4 மில்லிமீட்டரைத் தாண்டிப் புண் உடைந்திருந்தால் அது 75 பேராக இறங்குகிறது. இது பெரும்பாலும் வெள்ளைத்தோல் நோயாளிகளின் கணக்கு. உள்ளங்கால் வகையில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் கடினம். ஆகவே சீக்கிரம் பிடித்தால் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வருடத் தாமதம் உங்கள் அம்மாவுக்குக் கெடுதல் செய்யவில்லை என்று ஆறுதலுக்காகச் சொன்னால் அது பொய். செய்திருக்கும்.

எவ்வளவு செய்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. 2020 பொங்கலில் அந்தப் புள்ளி எவ்வளவு ஆழம் இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. மிளகு அளவு என்பது அகலம்தான். மெலனோமா வளரும் வேகத்தை ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். மேலாகப் பரவும் வகைக்கு மாதத்துக்கு 0.12 மில்லிமீட்டர், கட்டியாக எழும் வகைக்கு 0.49 என்று நடுவளவு வந்தது. ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்! உள்ளங்கால் வகை சில சமயம் வருடக்கணக்கில் தட்டையாகக் கிடந்து, பிறகு சட்டென்று கீழே இறங்கும். 2020 மார்ச்சில் அது மெல்லிசாகவே இருந்திருக்கலாம், அப்போதே இறங்கத் தொடங்கியும் இருக்கலாம். இன்னொன்றையும் நேர்மையாகச் சேர்க்கிறேன். அன்று பஸ் ஓடி, நீங்கள் கூட்டியும் போயிருந்தால், அன்றே கண்டுபிடித்திருப்பார்கள் என்பதும் உறுதி இல்லை. கால் ஆணி, மரு, ரத்தக்கட்டு, பூஞ்சை என்று உள்ளங்கால் மெலனோமாவுக்குத் தவறாகப் பெயர் வைப்பது எல்லா நாட்டிலும் சாதாரணம். கொரோனாவுக்கு முன்பும் நம் மாவட்டத்து நோயாளிகளில் பெரும்பாலோர் புண் உடைந்த பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஏற்கெனவே நீளமாக இருந்த தாமதத்தை ஊரடங்கு இன்னும் நீட்டியது. அந்த நீளத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்குக்கு விடை கிடையாது. அதைப் போடுவதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொரோனாவாலோ தடுப்பூசியாலோ வந்ததா என்றால், இல்லை. தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16, அம்மாவின் புள்ளி அதற்கு ஒரு வருடம் முன்பே இருந்தது. கொரோனா வந்து போனதால் மெலனோமா வேகமெடுக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தடுப்பூசியால் நடந்தது ஒன்றே ஒன்று. ஊசி போட்ட பக்கத்து அக்குளில் சிலருக்குச் சில வாரம் நெறி கட்டியது. கையிலோ முதுகிலோ மெலனோமா வந்து செக்கப்பில் இருந்தவர்களுக்கு அது பரவலோ என்று பயமும் தேவையில்லாத ஸ்கேனும் வந்தன. உங்கள் அம்மாவுக்கு நெறி கட்டியது தொடை இடுக்கில், அதுவும் சதை எடுத்துப் பார்த்து உறுதியானது. ஆகவே அந்தக் குழப்பம் அவருக்கு இல்லை.

ஊரடங்கில் எதைத் தள்ளிவைத்தோம் என்று கேட்டிருந்தீர்கள். பேசல் செல் புற்று என்ற தோல் புற்றுநோய் வகை மெதுவானது, பரவுவது மிக மிக அபூர்வம். மூன்று மாதம் தள்ளினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மெல்லிய மெலனோமாவையும் சதை எடுத்து உறுதி செய்துவிட்டு அகல வெட்டைக் கொஞ்சம் தள்ளலாம் என்று அன்றைய வழிகாட்டுதல் சொன்னது. தள்ளக்கூடாது என்றவை தடித்த மெலனோமாவும் வேகமாக வளரும் ஸ்குவாமஸ் செல் புற்று என்ற இன்னொரு வகையும். இந்த இரண்டாவதைப் பற்றி நம் ஊருக்கு ஒரு வார்த்தை. பழைய தீக்காயத் தழும்பு, வருடக்கணக்கில் ஆறாத கால் புண், பாவாடை நாடாவையோ வேட்டியையோ இறுக்கிக் கட்டி இடுப்பில் கருத்துத் தடித்துப்போன கோடு, இவற்றின்மேல் புதிதாகச் சதை வளர்ந்தாலோ நாற்றத்தோடு நீர் வடிந்தாலோ அது இந்தப் புற்றாக இருக்கலாம். தழும்பு பழசுதானே என்று விட்டுவிடுகிறோம். பெரிய ஊரடங்குக்குப் பிறகு நான் பார்த்த மோசமான புண்களில் இவையே அதிகம். சிகிச்சையில் நல்லதாக ஒன்றும் நடந்தது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயோடு போராட வைக்கும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிய பெம்ப்ரோலிசுமாப் மருந்தை அளவைக் கூட்டி ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றலாம் என்று 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆஸ்பத்திரிப் பயணம் பாதியாகக் குறைந்தது, அந்த முறை இன்றும் தொடர்கிறது.

இனி அம்மாவுக்கு. ஆபரேஷன் முடிந்து முதல் மூன்று வருடம்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தை அவர் கடந்திருக்கிறார் என்பது நல்ல விஷயம், ஆனால் செக்கப்பை விட்டுவிடாதீர்கள். எடுத்த சதை மெழுகுக் கட்டியாக ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருக்கும். அதில் பிராஃப், கிட் என்ற மரபணு மாற்றங்களைப் பார்த்தார்களா என்று அடுத்தமுறை கேளுங்கள். உள்ளங்கால் வகையில் பிராஃப் குறைவு, கிட் கொஞ்சம் கூடுதல். என்றைக்காவது மருந்து தேவைப்பட்டால் அது எந்த மருந்து என்று முடிவு செய்ய உதவும். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள் இந்த வகையில் வெயில் வகை அளவுக்கு வேலை செய்வதில்லை, செலவும் பெரிது. டாக்டர் தயங்கினால் அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள், இதுவும் காரணமாக இருக்கலாம். தொடை இடுக்கில் நெறியை எடுத்திருப்பதால் அந்தக் கால் வீங்கலாம். சின்ன வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து ஒரே இரவில் கால் சிவந்து காய்ச்சல் வரலாம், அப்படி வந்தால் அன்றே போக வேண்டும். வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். பித்தவெடிப்புக்கு இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து வெட்டிய தழும்பைச் சுற்றியும், அங்கிருந்து தொடைவரை தோலுக்கு அடியிலும் கருப்பாகவோ கட்டியாகவோ ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தொடை இடுக்கையும் அம்மாவே தடவிப் பார்க்கட்டும்.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா என்று பயப்பட வேண்டாம். இந்த வகை பொதுவாகக் குடும்பத்தில் இறங்கி வருவதில்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் எல்லோருமே காலைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாக வந்தது, 7 மில்லிமீட்டரைத் தாண்டியது, ஒரே நிறமாக இல்லாதது, கால் ஆணி என்று ஒரு மாதம் மருந்து போட்டும் கருமை போகாதது, நகத்தில் கருப்புக் கோடு விழுந்து நகத்தை ஒட்டிய தோலுக்கும் பரவுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரில் காட்டுங்கள், படம் வேண்டாம். சதை எடுத்தால் பரவும் என்று யாராவது தடுத்தால் காதில் வாங்காதீர்கள், அப்படிப் பரவுவதில்லை.

கேள்வியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், செக்கப்புக்குப் போனால் ஆபரேஷன் செய்த காலை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள் என்று. அடுத்தமுறை போகும்போது அம்மாவின் இடது செருப்பையும் கழற்றச் சொல்லி, அந்தக் காலையும் விரல் இடுக்குகளையும் இரண்டு கை நகங்களையும் நீங்களே முன்வந்து காட்டுங்கள்.